கார் நாற்றம் போய்விட்டது, நங்கையா

என் அருமை நங்கையா,

முதலில் நல்ல சேதி. காரில் இருந்த நாற்றம் போய்விட்டது. அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்களுக்கு யார் சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்கு எழுதற?" என்று கேட்டார். "எங்கண்ணன் சம்சாரத்துக்கு" என்றேன். எழுந்து போய் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். நல்ல மனுஷர்தான், உங்களிடம் சொல்வதற்கென்ன.

நீங்கள் போனபின் வந்த மூன்றாவது மழைக்காலம் இது. ஜெகதளாவில் எல்லாம் நீங்கள் விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. விடிந்தால் எதிர்வீடு தெரிவதில்லை. தேயிலைக் கொழுந்துக்கு விலை ஏறுவதில்லை. அண்ணன் அந்தப் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் மகள் பூங்கொடி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள நானும் என் வீட்டுக்காரரும் உங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறோம்.

வளைகாப்பு கோயம்புத்தூரில் அவள் மாமியார் வீட்டில் நடந்தது. தாய் இடத்தில் நின்று வளையல் போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் வாய் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டு, பின்பக்கம் போய் அழுதேன். சாப்பாடு முடிந்ததும் வழக்கப்படி பிள்ளையை அழைத்துக்கொண்டு மலையேறினோம், நம் பழைய வெள்ளைக் காரில்.

கல்லாறு தாண்டியதுமே அவள் முகம் வெளுத்துவிட்டது. "அத்தெ, இந்த வாசம் கொடலப் பொரட்டுது. அப்பாவ நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நிறுத்தினோம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி நிறுத்தினோம். பர்லியாரில் எலுமிச்சம்பழம் வாங்கி மூக்கில் வைத்தோம். வீடு வந்து இறங்கும்போது பிள்ளை வாடிய கீரைத்தண்டு போல இருந்தாள்.

அந்த நாற்றம் உங்கள் காலத்திலேயே தலைகாட்டத் தொடங்கியதுதான், ஆனால் இத்தனை முற்றவில்லை. ஈரச் சாக்கையும் புளித்த மோரையும் துருப்பிடித்த தகரத்தையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்தால் எப்படி வரும், அப்படி. அதிலும் வேடிக்கை, தை மாசி வெயிலில் அது இருக்கிற இடம் தெரியாது. அப்பாடா, தொலைந்தது என்று நினைப்போம். ஆனி பிறந்து மூடுபனி இறங்கியதும், அழைக்காமலே விருந்துக்கு வரும் மாமன் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேறு சமயமாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்போம். பூங்கொடிக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி நிற்கிறது, நங்கையா. கோயம்புத்தூர் டாக்டரம்மா கண்டித்துச் சொல்லித்தான் அனுப்பினார். "தாய் வீட்டுக்குப் போகட்டும், நான் தடுக்கல. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இங்க கூட்டிட்டு வந்து காட்டணும். வரலைன்னா நான் பொறுப்பில்ல." முதல் தடவையே தவறிப்போயிற்று. காரில் ஏறினாள், காட்டேரி வருவதற்குள் இறங்கினாள், திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம். அந்த டிரைவர் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த சென்ட் டப்பாவுக்கு நம் நாற்றமே தேவலாம் என்றாகிவிட்டது. "நான் வரல அத்தெ. மாத்திரைய இங்கயே வாங்கித் தின்னுக்கறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சேதி எப்படியோ மலையிறங்கிவிட்டது. சம்பந்தியம்மா போனில் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. ஊட்ல தாயின்னு ஒருத்தி இருந்தா நாங்க ஏனுங்க கேக்கறோம்? டாக்டருகிட்டக் காட்ட முடியலீன்னா புள்ளைய இங்கயே உட்ருங்க. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கறோம்." நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் அவ்வளவு சுருக்கென்று தைத்தது. பூங்கொடியிடம் சொன்னபோது, உங்கள் கட்டிலில் உங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். "அம்மாதான் இல்ல. அம்மா ஊட்லயாவது இருக்கறனே அத்தெ" என்று அழுதாள்.

நாற்றம் போனால் பிள்ளை தாய்வீட்டில் இருப்பாள், போகாவிட்டால் பிள்ளை போய்விடுவாள். இப்படி ஒரு நிலைமை எந்த வீட்டுக்காவது வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

அண்ணன் களத்தில் இறங்கினார். முதலில் நீலகிரித் தைலம். அரை பாட்டிலைக் கால்மிதியில் கொட்டினார். அது போதாதென்று நான் சாம்பிராணி போட்டேன். இரண்டும் சேர்ந்து, மாரியம்மன் கோயிலில் மொத்த ஊருக்கும் சளி பிடித்த மாதிரி ஆனது. அடியில் மட்டும் அந்தப் பழைய நாற்றம் சுகமாகப் படுத்திருந்தது. எலி செத்திருக்கும் என்று முன்பக்கத்தைத் திறந்து தேடினார். டிக்கியைக் கழுவினார். கதவுக்கடியில் தண்ணீர் போகிற ஓட்டைகளில் கம்பி விட்டுக் குத்தினார். ஒன்றும் அசையவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. "டீத்தூளுக்கு மூக்கு நீளம் சரசு. எந்த வாசம் பக்கத்துல இருந்தாலும் இழுத்துக்கும். பாக்டரில தூள் மூட்டைக்குப் பக்கத்துல ஒரு வெங்காயத்த வெக்க உடமாட்டாங்க, தெரியுமல்லோ?" என்றார். மெல்லிய துணிப்பைகளில் டீத்தூளை நிரப்பி, சீட்டுக்கடியிலும் சீட்டு இடுக்கிலும் செருகி வைத்தார். சில நாள் போனதும் மூக்கை நுழைத்துப் பார்த்து, கொறஞ்சிருக்குது என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு பிடி தூளைக்கூட வீணாக்காத உங்கள் புருஷர், சீட்டு இடுக்கில் இருந்த பை நசநசவென்று இருக்கிறது, காயவைத்து மறுபடி செருகலாம் என்று, என்னிடம் சொல்லாமலே அதைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். எங்கே வைத்தார் தெரியுமா? உங்கள் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்துவிட்டார். பூங்கொடியின் பெட்டிக்கு இடம் விட்டு, சொன்னபடி காரோடு வந்திருந்தார். உங்கள் அடுக்களையில் நின்று டீ போட்டேன். டப்பாவில் தூள் அடிமட்டத்தில் இருந்தது. பக்கத்தில் பையில் கருகருவென்று தூள். மலைக்காரர்கள் வீட்டுக்கு வந்து டீ நன்றாயில்லை என்று யாராவது சொன்னால் அதைவிட மானக்கேடு உண்டா? தாராளமாகவே அள்ளிப் போட்டேன்.

சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். மரியாதைக்காரர், இன்னொரு வாயும் குடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, டீயில ஊறுகா ஏதாச்சும் உழுந்திருச்சுங்களா?"

"ஊறுகாயாங்க?"

"ஆமாங்க. நார்த்தங்கா வாசம் அடிக்குது. உப்புல ஊறப்போட்டு வெய்யில்ல காயவெப்பமுல்ல, அந்த நார்த்தங்கா. நாள்பட்டுக் கெட்டுப்போன மாதிரி இருக்குதுங்க."

அண்ணன் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த பையைப் பார்த்தார். "அய்யோ சரசு, அது கார்ல வெச்ச தூளு!"

பூமி பிளந்தால் போய்விடலாம் என்று நின்றேன். சம்பந்தியம்மா டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். அத்தனை நாளாக அழுதுகொண்டிருந்த உங்கள் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மாவும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். நான் அந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். நார்த்தங்காய்தான். சந்தேகமே இல்லை.

இந்தக் குடும்பத்தில் நார்த்தங்காய் தின்கிற ஆள் நீங்கள் ஒருத்திதானே? கோபியில் இருந்து உங்கள் தம்பி வருஷா வருஷம் காயவைத்து அனுப்புவார். நம் ஊர் வெயிலுக்கு நார்த்தங்காய் காயாது என்று பெருமையாகச் சொல்வீர்கள்.

நீங்கள் கல்யாணமாகி மலையேறி வந்த நாளை இன்றைக்கும் பேசுவார்கள். பஸ்ஸில் எல்லா வளைவிலும் வாந்தி எடுத்து, மாலை வாடிய கோலத்தில் வந்து இறங்கிய பெண் நீங்கள். அதற்கப்புறம் நீங்கள் மலையிறங்குவது அபூர்வம். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு மட்டும் ரயிலில் போய் வந்தீர்கள். கீழ்நாட்டுச் சொந்தமெல்லாம், ஜெகதளாக்காரிக்குத் தலைக்கனம் என்று பேசினார்கள். வாயைத் திறந்து சொல்லிக்கொள்கிற பழக்கமா உங்களுக்கு?

அப்புறம் எனக்கு மார்பில் கட்டி என்றார்கள். மாதக்கணக்கில் கோயம்புத்தூர் போய்வர வேண்டும். என் வீட்டுக்காரருக்கு லீவு தீர்ந்துவிட்டது. அண்ணன் காரை எடுக்கிறேன் என்றார். பின்சீட்டில் என்னோடு யார் உட்காருவது என்று நான் கேட்கவே இல்லை. நீங்கள் பையை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தீர்கள். "எனக்கு இப்பெல்லாம் பழகிப்போச்சு அம்மணி. கார்ல ஒண்ணும் பண்றதில்ல. நீ ஏறு."

நான் நம்பினேன். அண்ணனும் நம்பினார். எங்களுக்கு நம்புவதுதான் அப்போது வசதியாக இருந்தது.

டம்ளரை வைத்துவிட்டுக் காருக்கு ஓடினேன். பின்னாலேயே அண்ணன் ஸ்பானரோடு வந்தார். சம்பந்தியம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். பின்சீட்டை அடியோடு கழற்றி வெளியே எடுத்தோம். இடதுபக்கம், நீங்கள் உட்கார்ந்த இடம். சீட்டும் சாய்மானமும் சேருகிற இடுக்குக்குக் கீழே எல்லாம் கிடந்தது. சப்பிப் போட்ட தோல், கொட்டை, வாய்க்குப் போகாமல் நழுவிய துண்டு, கிழிந்து உப்புத்தண்ணீர் கசிந்த ஒரு பிளாஸ்டிக் பை. சீட்டுக்குள் திணித்திருந்த தேங்காய் நார் கறுத்து, பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு ஊறியிருந்தது. அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்து, அந்த ஓட்டை வழியே வாசல் சிமெண்டு தெரிந்தது.

மழைக்காலத்தில் நம் அடுக்களை உப்பு ஜாடியே தண்ணீர் விட்டு நிற்கும். அத்தனை உப்பு சீட்டுக்கடியில் கிடந்தால் நார் எப்படிக் காயும்? வருகிற பனியை எல்லாம் அது இழுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் தைலம், சாம்பிராணி, டீத்தூள், சம்பந்திக்கு அவமரியாதை எல்லாம்.

அண்ணன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அவளுக்குப் பழகவே இல்லியா, சரசு?"

வளைவில் வண்டி ஓட்டுகிறவர் பின்னால் திரும்பிப் பார்க்க முடியுமா? அவரை என்ன சொல்வது? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லையே. ஒவ்வொரு தடவையும் குன்னூர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்வீர்கள். உதடு அசையும். எனக்காகச் சாமி கும்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன். என் கையை நகம் பதியப் பிடிப்பீர்கள். எனக்குத் தைரியம் கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். குளிர்காற்று எனக்கு ஆகாது என்பதால் கண்ணாடியையும் இறக்கமாட்டீர்கள். அந்த மூடிய காருக்குள், அத்தனை வளைவிலும், குமட்டலை அடக்க நார்த்தங்காயைச் சப்பி, தோலை அண்ணன் கண்ணில் படாமல் இடுக்கில் தள்ளியிருக்கிறீர்கள். தெரிந்தால் நீ வீட்டிலேயே இரு என்று சொல்லிவிடுவார், நான் தனியாகப் போகவேண்டியிருக்கும். அதற்குத்தானே?

உங்களை ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு டப்பா கொண்டுவரக் கூடாதா? காரையே ஊறுகாய் ஜாடி ஆக்கிவிட்டீர்களே!

நாத்தனாரும் நங்கையாவும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டால் ஊர் சிரிக்கும் என்றே நாம் காலத்தை ஓட்டிவிட்டோம். சிரிக்கட்டும். நான் பிழைத்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால் மருந்து ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாள்கூட நான் தனியாக இறங்கியதில்லை. என்னைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, உங்கள் நெஞ்சு வலிக்கு ஒரு ராத்திரிகூட எங்களை அலையவிடாமல் போய்விட்டீர்கள். நன்றி நங்கையா. நிறைய நன்றி.

பூங்கொடி அந்தத் தோல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா கைபட்டது அத்தெ. எல்லாத்தையும் வீசிப்போடுவீங்களா?" என்றாள். "கண்ணு, உங்கம்மா இருந்திருந்தா மொத ஆளா அவங்கதான் வீசியிருப்பாங்க. நேத்துப் பாத்தரம் கழுவாமக் கெடந்தாலே தூங்க மாட்டாங்க" என்றேன். அள்ளிக்கொண்டு போய், உப்புப் பட்டுத் தேயிலை வேர் கருகாத இடமாகப் பார்த்துக் கொட்டினேன். ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை. சரிதானே நான் செய்தது?

சம்பந்தியம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "தாயி இல்லாத ஊடுன்னு போன்ல சொல்லிப்போட்டனுங்க. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். பிறகு குரலை மாற்றி, "ஆனா டாக்டரு சொன்னா சொன்னதுதானுங்க. அடுத்த தடவ வரலீன்னா நான் கூட்டிட்டுத்தான் போவேன்" என்றார். வந்த காரில் பெட்டி இல்லாமல் திரும்பிப் போனார்.

அதன்பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். பழைய நாரை எல்லாம் எறிந்தோம். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து அடித்தகட்டைத் தேய்த்தோம். குன்னூரில் வெல்டிங் வைத்து ஓட்டையை அடைத்தோம். சீட்டின் கம்பிக்கூட்டைக் கழுவி, மேல்துணியைத் துவைத்துப்போட்டால், வெயில் எங்கே வருகிறது? அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு டீ பாக்டரிக்குப் போயிருக்கிறார், அங்கே சூடாக இருக்கிறதே, ஒரு மூலையில் வைக்கலாம் என்று. அங்கே இருந்தவர் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். "ஏனுங்க, உங்க சீட்டு காஞ்சிரும், எங்க தூளு நாறீருமுங்க." டீத்தூளுக்கு மூக்கு நீளம் என்று எனக்குப் பாடம் நடத்திய மனுஷர் இவர்! கடைசியில் மொட்டைமாடிதான். வெயில் தலைகாட்டினால் தூக்கிப்போடுவதும், தூறல் விழுந்தால் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவதுமாக இருந்தோம். நீங்கள் போனபிறகு அண்ணன் இவ்வளவு ஓடி நான் பார்க்கவில்லை. ஒரு நாள் பாதிப் படியில் சீட்டோடு நின்று சிரித்தார்.

போன வியாழக்கிழமை புது நார் அடைத்த சீட்டை மாட்டிவிட்டு, பூங்கொடியைக் கூப்பிட்டோம். வயிற்றுப் பிள்ளைக்காரி மூக்கைவிடப் பெரிய பரீட்சை ஏது? கதவைத் திறந்து தலையை நுழைத்தாள். அண்ணன் ஸ்வெட்டர் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "தேங்கா நாரு வாசம் மட்டுந்தான் வருது, அத்தெ" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

உங்கள் இடத்தில் அவளை உட்காரவைக்கவில்லை. அங்கே நான் உட்கார்ந்தேன். அண்ணன் முட்டைக்கூடை ஏற்றியவர் மாதிரி ஓட்டினார். பின்னால் வந்த பஸ்காரர் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். காட்டேரி தாண்டியது. இரண்டு வளைவு போனதும் பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. என் கையைத் தேடிப் பிடித்தாள், நகம் பதிய.

இந்தத் தடவை நானாக ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. கேட்டுவிட்டேன்.

"கண்ணு, சாமி கும்படறயா, கொமட்டுதா?"

"ரெண்டுந்தான் அத்தெ."

நங்கையா, நீங்களும் அப்படித்தானா? ரெண்டும்தானா?

மடியில் இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். உங்கள் தம்பி இந்த வருஷமும் மறக்காமல் அனுப்பிய நார்த்தங்காய். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணாடியை இறக்கினேன், இப்போது எனக்குக் குளிர் ஒன்றும் செய்வதில்லை. தோலை டப்பா மூடியில் வாங்கிக்கொண்டேன். கல்லாறு வந்தது, மேட்டுப்பாளையம் வந்தது, பாக்குமரமெல்லாம் பின்னால் போனது. ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பிரஷர் இறங்கியிருக்கு. இப்படியே தவறாம வந்துட்டு இருங்க" என்றார். சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்கே சாப்பாடு கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் பிள்ளை உங்கள் கட்டிலுக்கே திரும்பி வந்துவிட்டாள். இதை எழுதும்போது அங்கேதான் தூங்குகிறாள்.

இனி உங்கள் மகள் மலையிறங்குகிற ஒவ்வொரு தடவையும் உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். டப்பா மடியில் இருக்கும், மூடியோடு. அவள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கையை இழுக்கமாட்டேன். கண்ணை மூடினால் பேசாமல் இருக்கமாட்டேன், கேட்பேன். உங்களிடம் கேட்காததை எல்லாம் சேர்த்து அவளிடம் கேட்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

நகம் பதிந்த கையோடு,
உங்கள் நாத்தனார்,
சரசு